செத்தவன் மேல் ஒரு பிராது

செத்துப்போன புருஷன் மேல் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட வேண்டும், நீ வந்து எழுதிக் கொடு என்று ஆராயி கேட்டபோது, சிவசங்கரி குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. முதல் பஸ் பிடித்துக் கம்மாபுரம் பக்கமிருந்து வந்திருந்தாள் ஆராயி. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டும் உட்காரவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் புதுப் பேனா, வெள்ளைத்தாள். எல்லாம் தயாராகக் கொண்டுவந்திருந்தாள்.

"உசுரோட இருக்குறவங்க மேலதானக்கா பிராது கட்டுவாங்க?"

"ஏன், செத்தா தப்பிச்சுக்கலாமா? சாமியும் மேல இருக்குது, அவரும் அங்கதான இருக்காரு. கூப்புட்டு விசாரிக்கட்டும்."

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் ரெண்டு. ஊருக்குள் இருப்பது ஒன்று. மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் நடத்துவது இன்னொன்று. ஆடு களவு போனாலும் சரி, அண்ணன் தம்பி பாகத்தில் ஏய்த்தாலும் சரி, தாளில் எழுதிக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்து வாங்கி, வெளியே முனியப்பர் முன்னால் நிற்கிற வேலில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். மூணு நாளோ மூணு வாரமோ மூணு மாசமோ, அதற்குள் தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்துபோனால் திரும்ப வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதை மறந்தால் வம்பு. இத்தனை சட்டதிட்டம் உள்ள கோயிலில் செத்தவன் மேல் யாரும் பிராது கட்டியதாகச் சிவசங்கரி கேள்விப்பட்டதில்லை.

"நான்தான் எழுதணுமாக்கா? கோயில்லயே எழுதித் தருவாங்களே."

"அவரு பேசுனத எல்லாம் நீதான எழுதுன. 'நான் பேசுற மாதிரியே எழுதும் அந்தப் பொண்ணு'ம்பாரு. அவரப் பத்தி ஒனக்குத்தான் தெரியும். கெளம்பு."

சிவசங்கரி கிளம்பினாள். கிளம்பாமல் இருக்க ஒரு பொய் வேண்டும், அவள் கைவசம் இருந்த பொய்யெல்லாம் ஏற்கெனவே செலவாகியிருந்தது.

கதை ரெண்டு வருஷம் முன்னால் தொடங்கியது. செராமிக் எஸ்டேட்டில் மாணிக்கவேல் நடத்திய வெண்மதி செராமிக்ஸில் அவள் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஆறேழு மாசம்தான் ஆகியிருந்தது. அகல் விளக்கு, பூந்தொட்டி, பீங்கான் பொம்மை என்று சில்லறைச் சாமான்கள் செய்கிற கம்பெனி. மாணிக்கவேல் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருப்பதற்குக்கூட அவருக்கு நேரமிருந்ததில்லை. எப்போது பார்த்தாலும் சூளைக்கும் பேங்குக்கும் ஓடிக்கொண்டிருப்பார். ஒரு நாள் சென்னையில் ஏற்றுமதிக்காரர்கள் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், பையைக்கூட இறக்கி வைக்காமல் சொன்னார்: "நம்ம கம்பெனிக்கும் ஒரு பிளாக் வேணும்மா. இப்பல்லாம் விளம்பரத்த எவனும் படிக்கிறதில்லயாம். கம்பெனி மனுசன் மாதிரி பேசணுமாம்."

சிவசங்கரி இங்கிலீஷ் பி.ஏ. படித்தவள். பிளாக் என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியாது, இன்டர்நெட்டில் கம்பெனி பேரில் எழுதிப் போடுகிற பக்கம் என்று பிரவுசிங் சென்டர் பையனைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். முதலில் தரம், நம்பிக்கை, வாடிக்கையாளர் திருப்தி என்று எழுதிப் போட்டாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மாணிக்கவேல் மட்டும் தினமும் திறந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்று பெருமூச்சு விடுவார்.

பிறகுதான் நல்லமுத்துவை எழுதினாள். ஆராயியின் புருஷன். கல் அரைக்கிற ஷெட்டில் வேலை. வெள்ளைக்கல்லை உடைத்து மெஷினில் கொட்டி மாவாக்கிக் கொடுக்க வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது புருவம், இமை, மீசை எல்லாம் வெளுத்துப் போய், அரிசி மாவில் புரட்டி எடுத்த ஆள் மாதிரி வருவார். பல்லும் கண்ணும்தான் தனியாகத் தெரியும். ஆள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார், பேசுவதில் பாதி புளுகு. நம்ம சூளைக்குள் கல்யாண ஊர்வலமே போகலாம் என்பார். தான் அரைத்த மாவில் செய்த பொம்மை ராத்திரி கனவில் வந்து கூலி கேட்டது என்பார். எதிரே இருப்பவன் முகம் மலர்ந்தால் அவருக்குப் போதும், அதற்காக எதையும் சொல்வார். வீட்டில் ஆராயியிடம் இதற்காகவே அவர் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளில்லை.

வெள்ளை வெளேரென்று அவர் சிரிக்கிற படத்தைப் போட்டு, 'நான் நல்லமுத்து பேசுகிறேன்' என்று தலைப்பு வைத்து, அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் எழுதினாள். அவ்வளவுதான். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கீழே பதில் எழுதினார்கள். துபாயிலிருந்து மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர், "இவரு எங்க பக்கத்து ஆளு" என்று எழுதினார். கனடாவிலிருந்து ஒரு அம்மாள், உங்கள் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் காபி குடிக்கிறேன் என்றாள். மத்தியானத்தில் சிவசங்கரி இதையெல்லாம் தமிழில் படித்துச் சொல்வாள். நல்லமுத்து சோற்றுக்கையோடு கேட்பார்.

"கனடாங்குறது உளுந்தூர்பேட்டைக்கு அந்தாண்டயா, இந்தாண்டயா?"

"ரொம்ப அந்தாண்டண்ணே."

"அப்ப சத்தமாத்தான் பேசணும்."

அடுத்த பொங்கலுக்குள் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. கன்டெய்னர் லாரி எஸ்டேட் ரோட்டில் திரும்ப முடியாமல் நின்றபோது மாணிக்கவேல் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். நல்லமுத்துவுக்கு ரெண்டு. கல் ஷெட்டில் தூசியை இழுக்கிற ஃபேன் கெட்டுக் கிடந்தது, அது அப்படியே கிடந்தது. சிரிப்பு கண்ணில் பட்ட அளவுக்கு அந்த ஃபேன் யார் கண்ணிலும் படவில்லை, சிவசங்கரி கண்ணிலும்தான்.

நல்லமுத்து இரும ஆரம்பித்தார். அதையும் அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்: "எங்க தெருவுல சேவலுக்கு வேல இல்ல. நான் இருமித்தான் ஊரே எந்திரிக்குது." நன்றாக இருக்கிறதே என்று சிவசங்கரி அதையும் எழுதிப் போட்டாள். கனடா அம்மாள் சிரிக்கவில்லை. படத்தில் உங்கள் மூக்கில் துணிகூட இல்லையே, அந்த ஷெட்டில் தூசிக்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் கேட்டார்கள். அப்புறம் சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்தே ஒரு மெயில் வந்தது, தொழிலாளர் நலம் பற்றி விளக்கம் வேண்டும் என்று.

அதற்குள் நல்லமுத்து வேலைக்கு வருவதை நிறுத்தியிருந்தார். டி.பி. என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரை கேட்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே ராத்திரியைக் கழிக்கிறார் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

மாணிக்கவேல் சிவசங்கரியைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"இந்த ஆர்டரு போச்சுன்னா சூளைய அணைச்சிட வேண்டியதுதாம்மா. இத்தன குடும்பம் இத நம்பி நிக்குது. நல்லமுத்து எழுதுற மாதிரியே எழுதிடு. இருமல் தேறிடுச்சு, கம்பெனி பாத்துக்கிச்சுன்னு."

"அண்ணன் வூட்டுல இல்ல சார் படுத்திருக்காரு..."

"தேறி வந்துருவான்மா. வரப்போறதத்தான முன்னாடியே எழுதுறோம். அவங்கிட்ட கேட்டா வேணாம்னா சொல்லப் போறான்?"

எழுதினாள். உட்கார்ந்து நிதானமாக, ஆசைப்பட்டு எழுதினாள். முதலாளியே தன் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், ஷெட்டில் எல்லாருக்கும் முகமூடி வந்தாயிற்று, என் இருமல் அடியோடு போய்விட்டது, பாவம் எங்கள் தெருச் சேவல் மறுபடி வேலைக்கு வந்துவிட்டது என்று முடித்தாள். அந்தச் சேவல் அவளுடைய சொந்தச் சரக்கு. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. அதுதான் கேவலம். பயந்து எழுதியிருந்தால்கூட மன்னித்துவிடலாம். பிறந்ததிலிருந்து யாரும் அவளை எதற்கும் மெச்சியதில்லை. அன்றைக்கு உலகம் முழுக்க மெச்சியது. ஆர்டரும் கைவிட்டுப் போகாமல் தங்கியது.

ஆனி மாசம் நல்லமுத்து செத்துப்போனார். கடைசியில் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனபோது அங்கே ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் பிடித்து, இது டி.பி. இல்லை, நெஞ்சு பூராவும் கல்மாவு என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மங்கலம்பேட்டை வக்கீல் ஒருவர் ஆராயிக்காக நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டார்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். ஆவணி விசாரணையில் கம்பெனி வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். நல்லமுத்து தன் வாயாலேயே சொல்லி உலகத்துக்கே தெரிவித்தது என்று தமிழில் படித்தும் காட்டினார். இருமல் அடியோடு போய்விட்டது, கம்பெனி பார்த்துக்கொண்டது. அந்தத் தாளைப் பிரிண்ட் எடுத்துக் கவரில் போட்டுக் கொடுத்தது சிவசங்கரிதான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

மணவாளநல்லூர் போகிற பஸ்ஸில் ஆராயி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தாள். பேச்செல்லாம் புருஷன் மேல்தான்.

"ராவெல்லாம் நெஞ்சத் தடவி விட்டவ நான். எச்சிலத் துப்புனா நெத்தம். அத அள்ளிக் கொட்டுனவ நான். அந்தப் பக்கம் திரும்பி எனக்குத் தெரியாம ஒங்கிட்ட, எனக்கு ஒண்ணுமில்ல, தேறிட்டன்னு சொல்லியிருக்காரு பாரு. மொதலாளி மனசு குளிரணும்னு. எந்நேரம் பாத்தாலும் ஊரானுக்கு இனிக்கப் பேசியே கெட்டாரு. சாவுறப்பவுமா? பொண்டாட்டி புள்ள தெருவுல நிக்குமேன்னு ஒரு நெனப்பு வேணாம்?"

சிவசங்கரி முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு விசாரணையில அத்தன பேரு முன்னால படிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. வூட்டுக்கு வந்து மொத வேலயா அவரு போட்டோவத் திருப்பி வெச்சன். மொகத்தப் பாக்கவே பிடிக்கல. மூணு அமாவாச போச்சு. எல போடல. ஒரு வாய் சோறு வெக்கல. மாளய அமாவாசைக்கு ஊரே படைச்சுது, எம்மவ அழுவுறா, ஏம்மா அப்பாவுக்கு வெக்கலன்னு. அவரு பேசுன பேச்சுக்கு அவரு பட்டினி கெடக்கட்டும்னு சொல்லிட்டன்."

கோயில் வந்துவிட்டது. கூட்டம் அதிகமில்லை. மண்டபத்தில் ஓரமாக ஒரு தூணடியில் ஆராயி உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தாள். தாளுக்கு அடியில் வைத்து எழுத ஒரு அட்டையும் கொண்டுவந்திருந்தாள், மகளுடைய பரீட்சை அட்டை.

"எழுது. நல்லமுத்து பொண்டாட்டி ஆராயி, கொளஞ்சியப்பருக்குக் குடுக்குற பிராது. எம் புருசன்..."

அதுவரை எழுதிவந்த பேனா அதற்குமேல் நகரவில்லை.

"என்னா?"

"அக்கா, அவரு அதச் சொல்லல."

"எத?"

"இருமல் தேறிடுச்சுன்னு. அவரு சொல்லவே இல்லக்கா. அப்ப நான் அவரப் பாக்கவே இல்ல. சாரு எழுதச் சொன்னாரு, நானாத்தான் எழுதுனன். அந்தச் சேவலு, கார்ல ஆஸ்பத்திரி, எல்லாம் நான் எழுதுனது."

ஆராயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை பலகையைப் பார்க்கிற பார்வை. கோயில் மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது.

"அவரு ஒண்ணுமே சொல்லலயா?"

"இல்லக்கா."

"ஒரு வார்த்த கூட?"

"இல்ல."

அடி தன் மேல் விழும் என்று சிவசங்கரி காத்திருந்தாள். விழுந்திருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆராயி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள், பலமாக. "மூணு அமாவாச," என்றாள். மறுபடி அடித்துக்கொண்டாள். "சோத்துப் பிரியராச்சே. மூணு அமாவாச வாசல்ல வந்து நின்னுட்டுப் போயிருப்பாரே." தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாயைப் புடவையால் அடைத்துக்கொண்டாள். பிராது கட்ட வருகிறவர்கள் அழுவது அங்கே புதிதில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"தை மாசம் அடுத்த வாய்தா இருக்குது. இப்ப எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லுவியா?"

சிவசங்கரி வாயைத் திறந்தாள். வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கிற அப்பா கண்ணுக்கு முன்னால் வந்தார். தம்பி பாரிக்கு இன்னும் ஒரு வருஷம் பாலிடெக்னிக் இருந்தது. இவ்வளவையும் நினைத்தாள், உண்மைதான். ஆனால் கனடா அம்மாளையும் நினைத்தாளே, அதற்கு என்ன சொல்வது? எல்லாம் பொய் என்று தெரிந்தால் அந்த அம்மாள் என்ன நினைப்பாள் என்று அந்த இடத்திலும் அவளுக்குத் தோன்றியது.

"சொல்லுவியா, மாட்டியா?"

"வேல போயிடும்க்கா."

"எனக்கு ஆளே போயிட்டாரு."

சிவசங்கரி தலையைக் குனிந்துகொண்டாள். அட்டையில் யாரோ சின்ன எழுத்தில் வாய்ப்பாடு எழுதி அழித்திருந்தார்கள்.

"சரி, பிராது எழுது," என்றாள் ஆராயி. குரல் இப்போது தெளிவாக இருந்தது. "அவரு பேர அடிச்சிடு. ஒம்பேரு எழுது. எழுதுடி. கொளஞ்சியப்பா, எம் புருசன் சொல்லாத வார்த்தய அவரு சொன்னதா இந்தப் பொண்ணு எழுதுச்சு. அத நம்பி நான் அவரப் பட்டினி போட்டுட்டன். எனக்கு நாயம் வேணும். அவ்வளவுதான். மொதலாளி பேரு வேணாம். அவரு எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எழுதத் தெரியாதவரு. எழுதுனது நீ."

சிவசங்கரி எழுதினாள். அவள் எழுத்து எப்போதும் போல முத்து முத்தாக விழுந்தது. முதலில் எழுதியிருந்த நல்லமுத்து என்ற பேரைத் தொடாமல், எதிராளி என்று போட்டு அதற்குக் கீழே தன் பேரையும் தகப்பன் பேரையும் தெருவையும் எழுதினாள்.

"படி."

"அக்கா..."

"அவருக்குப் படிச்சுக் காட்டுவியே, சோறு திங்குறப்ப. எனக்கும் படி. வேற எதையாச்சும் எழுதி வெச்சிருந்தியானா?"

படித்தாள். ஒரு எழுத்து விடாமல் முழுதும் படித்தாள். ஆராயி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையசைத்தாள்.

குருக்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல, "எதிராளி எந்த ஊரும்மா?" என்றார்.

"தோ, நிக்குது சாமி," என்றாள் ஆராயி.

அவர் நிமிர்ந்து ரெண்டு பேரையும் பார்த்தார். என்னென்னவோ பிராது பார்த்த மனுஷன். சாமி காலடியில் வைத்து, விபூதி பூவோடு எடுத்து வந்து கொடுத்தார். ஆராயி தாளைச் சுருட்டி நூலைச் சுற்றி முனியப்பர் வேலில் கட்டினாள். ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் சுருள்கள், வெயிலிலும் மழையிலும் பழுத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே புதுத்தாள் தனியாகத் தெரிந்தது.

"என்னிக்கு நீ வாய்தாவுக்கு வந்து வாயத் தொறக்குறியோ, அன்னிக்கு நான் ராஜினாமா கட்டுறன். அதையும் நீதான் எழுதணும்."

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் ஆராயி நேரே இலைக் கடைக்குப் போய்க் கிழியாத தலைவாழை இலையாகப் பார்த்து ஒன்று வாங்கினாள். பின்னாலேயே வந்த சிவசங்கரி, சும்மா நிற்க முடியாமல், "இன்னிக்கு அமாவாச இல்லயேக்கா," என்றாள்.

"பசியோட இருக்குற ஆளுக்கு நாளு பாக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, இலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஆராயி கம்மாபுரம் பஸ்ஸில் ஏறிப்போனாள்.

மறுநாள் காலை மாணிக்கவேல் டிஜிட்டல் கேமராவைச் சிவசங்கரி மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் வீராயி நின்றிருந்தாள், பொம்மைக்குக் கண் எழுதுகிறவள். தலையில் கனகாம்பரம், புதுப் புடவை. நல்லமுத்து பேசி எத்தனையோ மாசமாகிவிட்டது, பிளாக் தூங்கினால் ஆர்டரும் தூங்கிவிடும், இனிமேல் வீராயி பேசட்டும் என்றார். திறந்து கிடந்த கம்ப்யூட்டரில் சேவல் பதிவின் கீழே கனடா அம்மாள் மறுபடி கேட்டிருந்தாள்: நல்லமுத்து, நலமாக இருக்கிறீர்களா, ஏன் எழுதுவதில்லை?

வீராயிக்கு வெட்கம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் என்னா சார் சொல்லணும்?" என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். சிரிச்சாப் போதும். மத்தத சங்கரி பாத்துக்கும்."

வீராயி சிரித்தாள். சிவசங்கரி கேமராவைக் கண்ணுக்கு வைத்தாள். வேலில் கட்டிய தாள் நினைவுக்கு வந்தது; அதில் எழுதிய தன் பேரும் வந்தது. அவள் விரல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "என்னம்மா?" என்றார் மாணிக்கவேல்.

"ஒண்ணுமில்ல சார்," என்று சொல்லி அமுக்கினாள். படம் நன்றாகவே வந்திருந்தது.